தூங்குறேன்னு சொல்லு

சனிக்கிழமை காலையில் எனெய்தாவின் பார்லருக்குள் நுழைந்த பொம்பளை யாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வெளியே வந்ததில்லை. தலைக்குச் சாயம் போட அரை மணி நேரம் போதும். மீதியெல்லாம் வாய்க்கு. மயாமியை ஒட்டின ஹயலியாவில் எவள் புருஷன் எவளோடு சுற்றுகிறான், எந்த வீட்டுப் பெண்ணின் பதினைந்து வயசு விருந்துக்கு எத்தனை அடுக்கு கேக், எல்லாவற்றையும் அங்கேதான் அலசிக் காயப் போடுவார்கள். ட்ரையர் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசியே பழகிப்போனதால், அங்கே தலை கொடுக்கிறவர்கள் சர்ச்சில்கூட மெதுவாகப் பேச மாட்டார்கள்.

அன்றைக்கு அத்தனை இரைச்சலையும் தாண்டி எனெய்தாவின் குரல் தெருவரைக்கும் கேட்டது. பாடிக்கொண்டிருந்தாள். அதுவும் இங்கிலீஷில்.

மயாமிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் 'தேங்க்யூ'வைத் தாண்டாதவள் அவள். அதற்காக அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஹயலியாவில் இங்கிலீஷை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டாக்டர் ஸ்பானிஷ், பேங்க் ஸ்பானிஷ், பாதிரியார் ஸ்பானிஷ். சிக்னலில் மடக்கிப் பிடிக்கிற போலீஸ்காரன்கூட ஸ்பானிஷில்தான் திட்டுவான். அப்பேர்ப்பட்டவள் ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் ட்ரையருமாக, வார்த்தைகளைக் கடித்து மென்று, ராகத்தை மட்டும் துளி பிசகாமல் பாடினாள். பல்லவி வந்ததும் ரோலர் சுற்றிய தலைகள் அத்தனையும் சேர்ந்துகொண்டன.

பின்கதவு வழியாக வந்த நயீபே கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் நின்றுவிட்டாள். எனெய்தாவுக்கு அவள் ஒரே மகள். அந்தப் பாட்டு அவள் எழுதி அவளே பாடியது. ஒரு மாசமாக நாடு பூராவும் இங்கிலீஷ் ரேடியோவில் அதுதான் ஓடுகிறது. அந்தப் பாட்டு முழுக்க அவள் அம்மா மேல் வைத்த குற்றச்சாட்டு. அம்மா அதை வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அடி வந்துட்டாடி நம்ம ஸ்டார்!" என்று கத்தினாள், முதலில் பார்த்துவிட்ட மிக்டாலியா. எனெய்தாவின் நாற்காலியில் பாதித் தலை நேராகவும் பாதித் தலை சுருட்டையாகவும் உட்கார்ந்திருந்த கூபாக்காரி. பார்லர் திறந்த நாளிலிருந்து வருகிறவள். "வா வா, உங்கம்மா உன் பாட்டைப் பாடிப் பாடியே எங்க காதைக் கருக்கிட்டா. என் இடது காது இன்னைக்கு ரெண்டு தடவை சுட்டுச்சு, தெரியுமா?"

"உன் காது நீளமா இருந்தா நான் என்ன பண்றது?" என்றாள் எனெய்தா. மகளைப் பார்த்துக் கன்னத்தை நீட்டினாள். நயீபே முத்தம் கொடுத்தாள். "என்னடி இப்படி இளைச்சுட்டே? இங்கிலீஷ்ல பாடினா சோறு போட மாட்டாங்களா?"

பார்லர் சிரித்தது. நயீபேயும் சிரித்து வைத்தாள். சிரிப்பதற்காக அவள் வரவில்லை. மூன்று நாளாகத் தூக்கம் கெட்டு, இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று வந்திருக்கிறாள்.

நயீபே பெர்டூகோ யார் என்று சொந்த ஊர் பாரான்கியாவிலிருந்து லிமா வரைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபத்திரண்டு வயசில் அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினாள். பியானோ, கொஞ்சம் வயலின், கடைசியில் குழந்தைகளின் கோரஸ். 'உன் கை பட்டால் காய்ச்சல் பறக்கும், உன் வாசனையில் வீடு பிறக்கும்' என்கிற ரகம். மே மாசம் அன்னையர் தினம் வந்துவிட்டால் போதும், பள்ளிக்கூட மேடை, பலசரக்குக் கடை, டாக்ஸி, எங்கே திரும்பினாலும் அதுதான். கேட்டு அழாத அம்மா கிடையாது. அந்தப் பாட்டில் இருக்கிற அம்மா ஒரு நாள்கூட மகளை விட்டுப் பிரிந்ததில்லை. நிஜத்தில் நயீபேக்கு ஆறு வயசாக இருக்கும்போது எனெய்தா மயாமிக்கு விமானம் ஏறினாள். மகளைத் தன் அக்கா ஓல்காவிடம் பாரான்கியாவில் விட்டுவிட்டு, "ஒரு வருஷத்துல கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மகளைக் கூட்டிக்கொள்ளக் குடியேற்றக் காகிதங்கள் கைக்கு வர ஏழு வருஷம் ஆயிற்று.

மயாமி விமான நிலையத்தில், கையில் பொம்மையோடு அழுதுகொண்டிருந்த பொம்பளையிடம் போய், "என்னங்க, நீங்கதான் எனெய்தா பெர்டூகோவா?" என்று பதின்மூன்று வயசுப் பெண் கேட்டது. அந்தப் பொம்மை ஆறு வயசுப் பிள்ளைக்கு வாங்கினது. இதைப் பற்றி அம்மாவும் மகளும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இந்த ஏழு வருஷத்தை நயீபேயால் ஸ்பானிஷில் எழுத முடியவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. உட்கார்ந்தால் நிலா வரும், கடல் வரும், பறவை வரும். அவள் கைக்கு ஸ்பானிஷ் அப்படிப் பழகிப்போயிருந்தது. அழகாகச் சொல்லிச் சொல்லியே நிஜத்தை மறைத்துவிடுவாள். அதையும் மீறி ஒரு வரி உண்மையாக வந்துவிட்டால், பார்லரில் அம்மாவைச் சுற்றி ரோலர் தலைகள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற காட்சி கண்முன் வந்துவிடும். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாள்.

அவள் இங்கிலீஷில் பாடப் போகிறாள் என்று செய்தி வந்ததும் பத்திரிகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "டாலருக்காகத் தாய்மொழியை வித்துட்டா" என்றான் ஒருத்தன். "மாட்டுச் சந்தையில கன்னுக்குட்டி மாதிரி வெள்ளைக்காரக் கிரிங்கோ பின்னாடி போயிட்டா" என்றான் இன்னொருத்தன். அவளுடைய மேனேஜர் ஒஸ்வால்டோ, "பெரிய மார்க்கெட், பெரிய கனவு" என்று பேட்டி கொடுத்தான். மொத்தத்தில் யாருக்கும் காரணம் தெரியாது. அம்மாவுக்குப் புரியாத ஒரு மொழி அவளுக்கு வேண்டியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறவர்களுக்குத் தெரியும் அந்தத் தேவை.

கம்பெனிக்காரர்கள் இங்கிலீஷ் பாட்டு எழுத அவளோடு உட்கார்த்தி வைத்த ஆள் வெண்டல். நாஷ்வில்லிலிருந்து வந்த கிழட்டு கிட்டார்க்காரர். அங்கெல்லாம் பாட்டு எழுதுவது என்றால் ஆபீஸ் போகிற மாதிரி. காலை பத்து மணிக்கு வரணும், ஆளுக்கொரு காப்பி, சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டு. முதல் இரண்டு நாள் நயீபே கடல், நிலா என்று ஏதோ ஒப்பேற்றினாள். வெண்டல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள், "ஞாயித்துக்கிழமை வர முடியுமா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை எனக்குப் பிடிக்காது" என்றாள்.

"ஏன்?"

ஹயலியா ஸ்கூலிலும் ஸ்பானிஷே பேசி ஒப்பேற்றியவளிடம் இருந்த இங்கிலீஷ் ஒரு ஆறு வயசுப் பிள்ளையிடம் இருக்கிற அளவுதான். அதில் நிலாவைத் தூக்கி மறைப்பாகப் பிடிக்க முடியாது. அதனால் இருந்த வார்த்தைகளை வைத்துச் சொன்னாள். ஞாயித்துக்கிழமை போன் அடிக்கும். அம்மா கூப்பிடுவாள். நான் மேசைக்கு அடியில் போவேன். தூங்குறேன்னு சொல்லு என்பேன். பெரியம்மா சொல்வாள். நான் தூங்கவில்லை.

வெண்டல் கிட்டாரை மடியில் படுக்கவைத்தார். பிறகு, "இதுல ஒரு வார்த்தையையும் மாத்தாதேம்மா" என்றார். மாற்றவில்லை. பாட்டு அதுவாகவே வந்து நின்றது. பாடி முடித்துவிட்டு நயீபே ஸ்டுடியோ கழிப்பறையில் போய் வாந்தி எடுத்தாள். வீட்டுக்குப் போகும்போது உடம்பு லேசாகி, எத்தனையோ வருஷத்துக்கப்புறம் ஒரு முழு அரெப்பாவை, அந்தச் சோள அடையை, சீஸோடு ஒரே மூச்சில் தின்றாள்.

இவ்வளவோடு போயிருந்தால் கதையே இல்லை. பாட்டு ஓடாது, யாரோ நாலு பேர் கேட்பார்கள், அம்மா காதுக்கு எங்கே வரப்போகிறது என்று நினைத்தாள். அது என்னடாவென்றால் காட்டுத்தீயாகப் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை ஒஸ்வால்டோ போனில் குதித்தான்.

"குழந்தே, உட்கார்ந்துக்கோ. அன்னையர் தின ஸ்பெஷல் ஷோ, நேரலை, நீதான் முக்கிய விருந்தாளி. முதல்ல இங்கிலீஷ் பாட்டு. அடியில ஸ்பானிஷ்ல அர்த்தம் ஓடும். அப்புறம் ஸ்பானிஷ் பாட்டு. முன் வரிசையில உங்கம்மா. கேமரா மொத்தமும் அவங்க முகத்துல. நான் இப்பவே அழறேன்!"

"ஸ்பானிஷ் பாட்டா? எது?"

"இதோட ஸ்பானிஷ்தான்! எந்த உலகத்துல இருக்கே நீ? நம்மாளு எவனாவது இங்கிலீஷ்ல ஹிட் கொடுத்துட்டு ஸ்பானிஷ்ல அதைப் பாடாம இருந்திருக்கானா? திங்கக்கிழமை ரெக்கார்டிங்."

உண்மைதான். ஸ்பானிஷிலிருந்து இங்கிலீஷுக்குக் கடந்து போன அத்தனை பேரும் அப்படித்தான் செய்தார்கள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. நயீபே தன் கதவைச் சாத்துகிற அவசரத்தில் இதை யோசிக்கவே இல்லை. அன்றைக்கே ஒரு ஸ்பானிஷ் பாட்டு எழுதினாள். தாலாட்டு. 'தூங்கு கண்ணே தூங்கு, அம்மா தூரத்தில் விழித்திருக்கிறேன்.' அழகான பொய். ஒஸ்வால்டோவிடம் விஷயத்தை அரைகுறையாகச் சொன்னபோது அவன் அசரவே இல்லை. "அப்போ அடியில ஓடுற அர்த்தத்தையும் தாலாட்டு மாதிரியே எழுதிடலாம். எவன் சரிபார்க்கப் போறான்?" என்றான்.

எவனாவது ஒருத்தன் பார்ப்பான். ஹயலியாவில் வீட்டுக்கொரு பேரன் இங்கிலீஷ் ஸ்கூலில் படிக்கிறான். அதுகூடப் பெரிசில்லை. மேடையில் நின்று அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தத் தாலாட்டைப் பாட வேண்டும். சொல்லிவிட்டால் அம்மா பேசுவதை நிறுத்திவிடுவாளோ என்கிற பயம் இன்னொரு பக்கம். பதின்மூன்று வயசில் வந்து, பொத்திப் பொத்திக் கட்டின உறவு அது. இன்னமும் சில சமயம் அம்மா கை பட்டால் உடம்பு லேசாக விறைக்கும். அதை அம்மா கவனிக்காத மாதிரி இருப்பாள்.

இப்போது பார்லரில் அந்த அம்மா, மிக்டாலியாவின் மீதிச் சுருட்டையை இழுத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள்: "தாலாட்டுதான் இது. வேறென்ன? சின்ன வயசுல இவ தூங்குமூஞ்சி. ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணுவேன், சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கொட்டக் கொட்டத் தூங்கிட்டிருப்பா! எங்கக்கா, 'எழுப்பட்டுமா'ம்பா. வேண்டாம், பிள்ளை தூங்கட்டும்பேன்."

இந்தக் கதையைப் பார்லரில் எல்லாரும் நூறு தடவை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும், "பாவம் பிள்ளை" என்று சொல்வார்கள். நயீபேக்கு ஒவ்வொரு தடவையும் காது மடல் சுடும்.

மிக்டாலியா கண்ணாடி வழியாக நயீபேயைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. உங்கம்மா தாலாட்டுங்கறா. என் மருமகன் தாலாட்டெல்லாம் இல்ல, போன் பத்தின பாட்டுங்கறான். சரியான சோகப் பாட்டாம். யாரு சரி?"

ரோலர் தலைகள் எல்லாம் திரும்பின. நயீபே வாயைத் திறந்தாள்.

"உன் மருமகனுக்கு வேலைவெட்டி கிடைச்சுதா முதல்ல?" என்று வெட்டினாள் எனெய்தா. "வேலைக்குப் போறவனுக்குப் பாட்டுக்கு அர்த்தம் கேட்க நேரம் ஏது?" பார்லர் கொல்லென்று சிரித்தது. மிக்டாலியா மருமகனுக்காக வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தாள். பேச்சு திசை மாறிப் போயிற்று.

அம்மாவின் கை ட்ரையரை மட்டும் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தது. "ஐயோ, சுடுதுடி!" என்று மிக்டாலியா கத்தியபிறகுதான் நகர்த்தினாள். நயீபே அதைப் பார்த்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம் உள்ள வர்றியா?"

"மிக்டாலியா பாதித் தலையோட இருக்கா."

"பாதித் தலையோடவே இருக்கட்டும்."

சாயம் கலக்கிற பின்னறை இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆளுக்கு இடமில்லாத அளவு. அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. கதவுக்குப் பதிலாக ஒரு துணித் திரை. எனெய்தா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, "கடுங்காப்பி போடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்மா." நயீபே கண்ணாடியைக் கழற்றினாள். "அம்மா, நான் தூங்கல."

எனெய்தா திறந்திருந்த ஒரு சாயப் புட்டியை எடுத்து மூடி வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை. ஒரு தடவைகூட நான் தூங்கல. மேசைக்கு அடியில இருப்பேன். தூங்குறேன்னு சொல்லச் சொல்லி பெரியம்மாகிட்ட நான்தான் சொல்வேன். பாட்டுல அதான் இருக்கு. தாலாட்டு இல்ல. நீ அர்த்தம் தெரியாம..."

"தெரியும்" என்றாள் எனெய்தா.

"எது?"

"எல்லாம்தான். உங்க பெரியம்மா போனைக் கையால பொத்திக்கிட்டுத்தான் உன்கிட்ட பேசுவா. அவ கை என்ன இரும்பா? விரல் இடுக்கு வழியா உன் குரல் வரும். 'தூங்குறேன்னு சொல்லு, தூங்குறேன்னு சொல்லு.' மொதத் தடவை கேட்டப்ப நான் அந்தப் போன் கடையிலேயே உட்கார்ந்துட்டேன். பின்னால வரிசையில நின்ன ஹோண்டுராஸ்காரன் தண்ணி வாங்கிக் கொடுத்தான்."

நயீபே சாயப் பெட்டிகள் அடுக்கிய அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ இத்தனை வருஷமா இங்க எல்லார்கிட்டயும் தூங்குமூஞ்சி தூங்குமூஞ்சின்னு..."

"வேற என்னடி சொல்லச் சொல்றே? எம் பொண்ணுக்கு என்னைப் பிடிக்கல, போனுக்கு வர மாட்டேங்கறான்னு சொல்லவா? தலைக்குச் சாயம் போட வந்தவகிட்டயா?" எனெய்தாவின் குரல் ஏறியது. "சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துடுச்சு. தூங்கிட்டுத்தான் இருந்திருப்பா போலன்னு. நிம்மதியா இருந்துச்சு, போயேன்."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ட்ரையர் நின்றது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஹயலியாவிலேயே முதல்முறையாக ஒரு பார்லர் சனிக்கிழமை காலையில் சத்தமில்லாமல் இருந்தது. நயீபே திரையைப் பார்த்தாள்.

"கேக்கட்டும் விடு" என்றாள் எனெய்தா. "அதுங்கள்ல பாதிப் பேருக்கு இப்படி ஒரு ஞாயித்துக்கிழமை இருக்கு. நீ மட்டும்தான் பட்டேன்னு நினைக்காதே."

"இங்கிலீஷ் பாட்டு உனக்கு எப்படிப் புரிஞ்சது?"

"சண்டே தெரியாதா எனக்கு? கடைக் கதவுலயே எழுதிப் போட்டிருக்கேன், சண்டே லீவுன்னு. 'மாமா'ன்னா அம்மான்னு தெரியாதா? டெலிபோன் தெரியாதா? நீ பாடற விதத்துலயே மீதி புரிஞ்சுடுச்சு. கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் வித்தியாசம் தெரிய மொழி வேணுமா?"

"தெரிஞ்சுமா ஒரு மாசமாப் பாடிட்டிருக்கே?"

"எம் பொண்ணு பாட்டை நான் பாடாம எதிர்க்கடைக்காரி பாடுவாளா? அதுல என்னைத் திட்டியிருந்தா என்ன? திட்டு என்னோடதுதானே." சொல்லி வாய் மூடுவதற்குள் எனெய்தாவின் முகம் கோணிக்கொண்டு வந்தது. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த கோபம் வந்தேவிட்டது. "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. திட்டினதுக்கு எனக்கு வருத்தம் இல்ல. எவனோ ஒரு கிட்டார்க்காரன், முன்னப் பின்ன தெரியாத ஆளு, அவன்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கே. ஊர்ல இருக்கற கிரிங்கோ பூராவும் காரை ஓட்டிக்கிட்டே கேட்டிருக்கான். கடைசியில வந்து நிக்கறே என்கிட்ட. டிவிக்காரன் சொல்லிடுவானோன்னு பயந்து வந்திருக்கே. நானே கூப்பிட்டு ஒஸ்வால்டோகிட்டப் பேசிட்டேன், எனக்கு எல்லாம் தெரியும். நம்ம வீட்டுல, என் முன்னால, என் பாஷையில உன்னால சொல்ல முடியலையே. அவ்வளவு பயமாடி நான் உனக்கு?"

"பயம் இல்லம்மா" என்றாள் நயீபே. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சொன்னா நீ மறுபடியும் போயிடுவியோன்னு."

எனெய்தா மகளைப் பார்த்தாள். சாயம் படிந்த விரல்களால் மகளின் முகத்தைத் துடைக்கப் போய், கறை பட்டுவிடும் என்று புறங்கையால் துடைத்தாள். நயீபேயின் உடம்பு விறைத்தது, பிறகு தளர்ந்தது. இரண்டும் அம்மாவுக்குத் தெரிந்தது. கையை எடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் நயீபே கொஞ்சம் பொறுத்து. "நான் வர மாட்டேன்னு தெரிஞ்சும் ஏழு வருஷம் எதுக்குக் கூப்பிட்டே? பெரியம்மா மரவள்ளிக் கிழங்கு விலை, மீன் விலை, பக்கத்து வீட்டுச் சண்டைன்னு ஒரு மணி நேரம் பேசுவா. அதைக் கேக்கவா?"

"அவ சொன்ன விலையில ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள் எனெய்தா. "உம் உம்னு கொட்டிட்டிருப்பேன். 'அப்புறம்? வேற?'ம்பேன். அவ வைக்கப் போனா, 'வாழைப்பழம் என்ன விலை'ம்பேன். அவ பேசிட்டே இருந்தாத்தானே போன் வைக்க மாட்டா? பின்னால நீ பாடிட்டிருப்பே."

"நானா?"

"மேசைக்கு அடியில. உங்க பெரியம்மா பேச்சைக் கேக்கக் கூடாதுன்னோ என்னவோ, சத்தமாப் பாடுவே. நீயா கட்டின பாட்டு. ஒவ்வொரு வாரமும் புதுசா ஒண்ணு சேர்த்திருப்பே. ஞாபகம் இல்லையா?"

இல்லை. மேசை ஞாபகம் இருக்கிறது, மேசைத்துணியின் ஓரம் ஞாபகம் இருக்கிறது, பெரியம்மாவின் செருப்பு ஞாபகம் இருக்கிறது. பாடியது சுத்தமாக ஞாபகம் இல்லை. பாட்டே தொழிலாகிப்போனவளுக்கு, தான் கட்டின முதல் பாட்டு எதுவென்று தெரியவில்லை.

எனெய்தா தொண்டையைச் செருமிக்கொண்டாள். வெளியே இருந்தவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, மகளின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, சின்னப் பிள்ளையின் மூக்கடைத்த குரலில் பாடினாள்:

"அம்மா போனா மயாமி, அங்க ஒரு பெரிய சுறா,
அம்மா காலைக் கடிக்கட்டும், அழுதுகிட்டே ஓடட்டும்,
ஒத்தைக் காலில் நொண்டி நொண்டி, நம்ம வீட்டுக்கே வரட்டும்,
வந்தா நான் கதவு திறப்பேன், வேற யாரும் திறக்கக் கூடாது."

திரைக்கு வெளியே மிக்டாலியா களுக்கென்று சிரித்து, உடனே யாரோ அவள் வாயைப் பொத்துகிற சத்தம் கேட்டது. நயீபேயும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறாகிப் போய், அலமாரியில் தலையை முட்டுக்கொடுத்துத் தேம்பித் தேம்பி அழுதாள். எனெய்தா அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"ஒஸ்வால்டோகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். "டிவில உள்ளது உள்ளபடி போடணும். ஸ்பானிஷ்லயும் நீ அப்படியே பாடணும். தாலாட்டு கீலாட்டுன்னு கிளம்பினா நான் எழுந்து போயிடுவேன்னு சொன்னேன். நான் முன் வரிசையில உட்கார்ந்துக்கறேன். அழறதா வேண்டாமாங்கறதை அன்னைக்குப் பார்த்துக்கறேன்."

நயீபே மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, அவளையறியாமலே அவள் விரல்கள் அலமாரி விளிம்பில் தாளம் போட ஆரம்பித்தன. உதடு முணுமுணுத்தது. சுறா, நொண்டி, கதவு. "அம்மா, அந்த மூணாவது வரியில ராகம் மேல போகுதா, கீழ இறங்குதா? இதுக்கு வெறும் கிட்டார் போதும். பின்னால ஒரே ஒரு..."

எனெய்தா தாளம் போடுகிற அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதை விக்காதே" என்றாள். "மத்ததெல்லாம் நீ ஊருக்குப் பாடினது. இது நீ எனக்குப் பாடினது."

அப்புறம் திரையை விலக்கிக்கொண்டு, மிக்டாலியாவின் மீதித் தலையை முடிக்கப் போனாள்.